நண்பகல் இரத்தம்

என் இடது கண்ணுக்குள் புழு ஓடியதை முதலில் கண்டவர் என் கணவர் சிவபாலன். தொண்ணூற்றோராம் ஆண்டு, ஒரு சனிக்கிழமை காலை. அவர் பெற்றோல் ஷெட்டில் வேலை முடித்து வந்து சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார். நான் லண்டன் டூட்டிங்கில் எங்கள் வீட்டுக் குசினியில் ரொட்டிக்கு மாக் குழைத்துக்கொண்டிருந்தேன். எழும்பிய நேரத்திலிருந்தே கண்ணுக்குள் மணல் விழுந்தது போல ஓர் உறுத்தல். கை முழுவதும் மா.

"இஞ்சேருங்கோ, கண்ணுக்குள்ள இமை மயிர் ஏதும் விழுந்து கிடக்கோ எண்டு ஒருக்காப் பாருங்கோ" என்றேன்.

அவர் என் முகத்தை யன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பி, கீழிமையை விரலால் இழுத்துப் பார்த்தார். பார்த்தவர் இன்னும் கிட்டக் குனிந்தார்.

"என்னப்பா?"

"அசையாம நில்லும்."

"என்ன கிடக்கு?"

"கிடக்கேல்லை. ஓடுது."

குளியலறைக் கண்ணாடிக்கு ஓடினேன். கண்ணின் வெள்ளையில், மேல் தோலுக்கு அடியில், தையல் நூல் போல மெல்லிய ஒன்று வளைந்து கிடந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கவே அது நிமிர்ந்தது. கருவிழிப் பக்கமாகக் கொஞ்சம் நகர்ந்தது, நின்றது, திரும்ப நகர்ந்தது. நோவே இல்லை. அதுதான் என்னைக் கொன்றது. என் கண்ணுக்குள், என்னைக் கேளாமல், எனக்கு நோகாமல், நான் அல்லாத ஏதோ ஒன்று தன் அலுவலைப் பார்த்துக்கொண்டு போகிறது. நான் போட்ட சத்தத்தில் எங்கள் மகள் உமா ரிவியை விட்டுவிட்டு ஓடி வந்தாள். அவளுக்கு அப்போது எட்டு வயது.

"அம்மா, என்ன?"

"ஒண்டுமில்லை பிள்ளை, அம்மான்ர கண்ணுக்கை தூசு" என்றார் இவர். அவருடைய முகத்தைப் பார்த்த பிள்ளை அதை நம்பவில்லை.

உமாவை இவருடைய தமையன் வீட்டில் விட்டுவிட்டு ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குப் போனோம். முறை வர மத்தியானம் கழிந்துவிட்டது. அதற்குள் கண்ணில் ஒன்றும் இல்லை. கொஞ்சம் சிவப்பு, அவ்வளவுதான். இளம் டொக்டர் விளக்கைப் பிடித்துப் பார்த்தார். வீட்டில் ஏதும் கவலை உண்டா, ஊரில் சண்டை நடக்கிறதே, நித்திரை வருகிறதா என்று கேட்டார். நான் புழு என்று சொன்ன சொல்லை அவர் எழுதிக்கொண்டாரா என்று தெரியவில்லை.

உண்மையில் இந்தக் கதை மூன்று நான்கு வருடமாக நடந்துகொண்டிருந்தது. லண்டனுக்கு வந்த பிறகு அவ்வப்போது மணிக்கட்டு வீங்கும், அல்லது முழங்கை. பாதி எலுமிச்சம்பழம் அளவுக்கு எழும்பி, சொறிந்து, இரண்டு மூன்று நாளில் போய்விடும். பிறகு ஒரு மாதம் கழித்து வேறோர் இடத்தில் எழும்பும். குடும்ப டொக்டர் ஒவ்வாமை என்று சொன்னார். இறாலை விட்டேன், கத்தரிக்காயை விட்டேன். பிறகு வாதம் என்றார். குளிருக்கு என்றார். ஒருமுறை, உங்களைப் போல இடம்பெயர்ந்து வந்தவர்களுக்கு மனத்தில் உள்ளது உடம்பில் தெரியும் என்றும் சொன்னார். கடைசியில் அதை நானே நம்பத் தொடங்கியிருந்தேன்.

"இலங்கையிலிருந்து நேராக லண்டனுக்கு வந்தீர்களா?" என்று அந்த இளம் டொக்டர் பேனையை மூடிக்கொண்டே கேட்டார்.

நான் ஓம் என்று சொல்ல வாயெடுத்தேன். அகதி விண்ணப்பத்தில் எல்லாம் இலங்கை, இலங்கை என்று எழுதிப் பழகிய வாய். இவர்தான் குறுக்கிட்டார். "இல்லை. இடையில் ஆறு வருஷம் நைஜீரியாவில் இருந்தோம். இருவரும் பள்ளிக்கூட ஆசிரியர்கள்."

"நைஜீரியாவில் எங்கே?"

"கிழக்கில். கமரூன் எல்லையில். காட்டுக்குள்ளே."

டொக்டர் பேனையைத் திரும்பத் திறந்தார். எழுந்து போய் யாருக்கோ ரெலிபோன் எடுத்தார். திரும்பி வந்தபோது அவர் முகம் வேறாக இருந்தது. "மன்னிக்க வேண்டும், நீங்கள் பார்த்தது புழுதான் போலிருக்கிறது" என்றார். எனக்குப் பைத்தியம் இல்லை என்று தெரிந்த அந்த ஒரு கணம் நிம்மதி. அடுத்த கணம், அப்படியென்றால் அது எனக்குள்ளே இருக்கிறது என்று விளங்கியது.

எண்பதுகளின் தொடக்கத்தில் யாழ்ப்பாணத்து ஆசிரியர்கள் பலர் ஒப்பந்தத்தில் நைஜீரியாவுக்குப் போனார்கள். பலருக்குப் பட்டணங்கள் கிடைத்தன. எங்களுக்குக் கிடைத்தது எசும்பே. அதற்கு மேலே போக றோட்டே இல்லை. செம்மண் பாதை ஆற்றங்கரையில் முடியும். அக்கரை கமரூன். சுற்றிவரக் காடு. மரங்களின் உச்சியைப் பார்க்கக் கழுத்தை முழுக்கப் பின்னால் சாய்க்க வேண்டும். மழைக்காலத்தில் லொறி வராது, தபால் வராது, மா, சீனி ஒன்றும் வராது. அக்கரைப் பிள்ளைகள் சிலர் வள்ளத்தில் ஆற்றைக் கடந்து எங்கள் பள்ளிக்கூடத்துக்கு வருவார்கள். அவர்கள் மனக்கணக்கைத் தங்கள் மொழியில் செய்து விடையை ஆங்கிலத்தில் சொல்வார்கள். எல்லையில் ஏதாவது பதற்றம் என்றால் துறையில் இராணுவம் நிற்கும். அன்றைக்கு வகுப்பில் கால்வாசி இராது.

நான் கணிதம், இவர் பௌதிகம். உமா பிறந்தது அங்கேதான், பாதிரிமார் நடத்திய சின்ன மருந்துச்சாலையில். நாங்கள் உமா என்று பெயர் வைத்தோம். ஊர்ச் சனம் இமா என்று கூப்பிட்டது. அவர்கள் மொழியில் இமா என்றால் அன்பு. பள்ளிக்கூட விடுதியில் சமைக்கிற ஆரித் என்ற பெண் எங்கள் பக்கத்து வீடு. நான் வகுப்புக்குப் போகும்போது பிள்ளையைத் துணியால் முதுகில் கட்டிக்கொண்டு மீன் வாட்டுவாள்.

ஒரு நாள் மரவள்ளி இடித்துக்கொண்டிருந்த ஆரித், உலக்கையை வைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டாள். இமையை விரித்துக் காட்டினாள். வெள்ளைக்குள் ஒரு நூல் நெளிந்தது. நான் பின்னால் பாய்ந்தேன். அவள் சிரித்தாள். வழிப்போக்கன்தான், போய்விடுவான் என்ற மாதிரி ஏதோ சொல்லிவிட்டுத் திரும்பவும் இடிக்கத் தொடங்கினாள். அன்றிலிருந்து நாங்கள் குடிதண்ணீரை இரண்டு முறை கொதிக்க வைத்தோம், துணியில் வடித்தோம். அவர்களுடைய ஆற்றுத் தண்ணீரில் இருக்கிற ஏதோ நோய் வருத்தம், கொதித்த தண்ணீர் குடிக்கிற எங்களுக்கு வராது என்று நான் எண்ணியிருந்தேன்.

எண்பத்தாறில் ஒப்பந்தம் முடிந்தது. ஊருக்குத் திரும்ப முடியாத நிலை. இவருடைய தமையன் டூட்டிங்கில் இருந்ததால் இங்கே வந்து சேர்ந்தோம். நைஜீரியாவைப் பற்றி யாரும் எங்களிடம் கேட்கவில்லை, நாங்களும் கதைப்பதில்லை. நான் ஒரு பள்ளிக்கூடக் குசினியில் வேலைக்குச் சேர்ந்தேன்.

வெப்பமண்டல நோய்களுக்கென்று தனியாக இருந்த ஆஸ்பத்திரிக்கு எங்களை அனுப்பினார்கள். அங்கிருந்த பெரிய டொக்டர் உயரமான, மெலிந்த ஸ்கொட்லாந்துக்காரர். தானும் கமரூனில் வேலை செய்தவர் என்றார். என் மணிக்கட்டைத் தொட்டுப் பார்த்து, வீக்கம் எப்படி வரும், எத்தனை நாள் நிற்கும் என்று நான் சொல்வதற்கு முன்னரே அவர் சொன்னார். எல்லாம் சரியாக இருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

"லோவா என்பது இதன் பெயர்," என்றார். "தண்ணீரால் வருவதில்லை. ஈயால் வருவது. அங்கே பெரிய செந்நிற ஈ பார்த்திருப்பீர்களே? புகை மணத்துக்கு வரும். பகலில் கடிக்கும்."

பார்த்திருந்தேன். றப்பர் மரங்களுக்குக் கீழே வகுப்பு வைக்கும் நாட்களில் முதுகுச் சட்டைக்கு மேலாலேயே குத்தும். முக்கோணம் கீறிக்கொண்டு நிற்கும்போது கழுத்தில் எத்தனை முறை அடித்திருப்பேன். ஆறு வருடம் தண்ணீரைக் கொதிக்க வைத்தோமே.

"ஈ கடிக்கும்போது குட்டிப் புழுவை விட்டுவிட்டுப் போகும். அது தோலுக்கு அடியில் வளரும். விரல் நீளம் வரை. பிறகு உடம்பு முழுக்க உலாவும். போகிற வழியில் வீக்கம் வரும். சில நேரம் கண்ணைக் கடக்கும். அதனால் பார்வை போகாது, பயப்படாதீர்கள்."

"நாங்கள் அங்கிருந்து வந்து ஐந்து வருஷமாகிறது" என்றேன்.

"அது பதினைந்து வருஷமும் வாழும்."

"எனக்குள் எத்தனை இருக்கிறது?"

அவர் பொய் சொல்லவில்லை. "தெரியாது. ஒன்றாகவும் இருக்கலாம், இருபதாகவும் இருக்கலாம்."

நான் என் கைகளைப் பார்த்தேன். மடியில் கிடந்த அந்தக் கைகள் எனக்குச் சொந்தமில்லாதவை போலத் தெரிந்தன. எழுந்து எங்கேயாவது ஓட வேண்டும் போலிருந்தது. ஆனால் என்னை விட்டு நான் எங்கே ஓடுவது?

வளர்ந்த புழுக்கள் ஈனுகிற நுண்ணிய குஞ்சுகள் இரத்தத்தில் திரியும் என்று டொக்டர் விளக்கினார். அவை பகலில்தான் இரத்தத்துக்கு வரும். பகலில் கடிக்கிற ஈக்காகக் காத்திருப்பது போல. இரவில் நுரையீரலுக்குள் போய்ப் பதுங்கிவிடும். அதனால் இரத்தம் நண்பகலில் எடுக்க வேண்டும். அடுத்த நாள் மற்ற நோயாளிகளுக்குச் சாப்பாட்டு வண்டி வருகிற நேரத்தில் எனக்கு ஊசி வந்தது. பரிசோதனையில் குஞ்சுகள் இருந்தன. ஒட்டுண்ணி இருந்தால் பெருகுகிற ஒருவகை வெள்ளை அணுவும் மிகவும் கூடியிருந்தது. என்னை வார்ட்டில் சேர்த்தார்கள்.

வார்ட்டில் பகல் வேலைக்குப் பொறுப்பாக இருந்த நேர்ஸ் பெயர் எகனெம். கலபார் நகரத்தவர். எசும்பேயிலிருந்து லொறியில் ஒரு நாள் பயணம். என் பெயரைப் பார்த்துவிட்டு இலங்கை என்று நினைத்து வந்தவர், எசும்பே என்று நான் சொன்னதும் கட்டில் விளிம்பில் அமர்ந்துவிட்டார்.

"நான் பிறந்த மாநிலம், ஆனால் அவ்வளவு தூரம் உள்ளே நான் போனதே இல்லை" என்றார். "நீங்கள் அங்கே ஆறு வருஷமா?"

அவருடைய தாய்க்கும் கண்ணில் வருமாம். ஊரில் பலருக்கு உடம்பில் இருந்தும் ஒன்றும் செய்யாதாம். வெளியிலிருந்து வந்தவர்களுக்குத்தான் இப்படி வீங்கி வதைக்குமாம். அவர் ஆறுதலுக்குத்தான் சொன்னார். எனக்கோ என் உடம்பு ஆறு வருடமாக அந்த ஊரோடு சண்டை பிடித்துக்கொண்டிருந்தது போல ஓர் எண்ணம் வந்தது.

சேர்ந்த சில நாட்களில், காலைத் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது திரும்பவும் அந்த உறுத்தல். கோப்பையைப் போட்டுவிட்டுக் கத்தினேன். எகனெம் ஓடி வந்து பார்த்து, கண்ணை மூடி அதற்கு மேல் ஒரு வெதுவெதுப்பான துணியை வைத்துப் பிடித்துக்கொண்டார். சூட்டுக்கு அது அங்கேயே நிற்குமாம். கண் டொக்டர் வரும் வரைக்கும் அந்தக் கை எடுபடவில்லை. மரத்துப்போகச் சொட்டு மருந்து விட்டார்கள். கண்ணைத் திறந்து வைக்கும் கம்பியை மாட்டினார்கள். கண்ணை மூடிக்கொள்ளும் வசதி அந்த அறுவைச் சிகிச்சைக்கு இல்லை. கத்தரிக்கோல் வருவதையும் இடுக்கி வருவதையும் அதே கண்ணால் பார்த்துக்கொண்டு கிடந்தேன். இழுத்தபோது கண்ணுக்குப் பின்னாலிருந்து ஏதோ உருவப்படுவது தெரிந்தது. டொக்டர் அதை ஒரு சின்னப் போத்தலில் உப்புத் தண்ணீருக்குள் போட்டுக் காட்டினார். அது அப்போதும் வளைந்து வளைந்து நீந்தியது.

பின்னேரம் வந்த இவர் போத்தலைப் பார்க்கக் கேட்டார். கையில் வாங்கி வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார்.

"உதோடயே ரொட்டி சுட்டுத் தந்தனீர்" என்றார். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதார். அவர் அழுததை நான் அதற்கு முன் ஒரே ஒரு முறைதான் கண்டிருக்கிறேன், எண்பத்து மூன்று ஆடியில், அங்கே எசும்பேயில் ரேடியோவைக் காதோடு வைத்துக் கொழும்புக் கலவரச் செய்தியைக் கேட்டுக்கொண்டு.

மற்றப் புழுக்களுக்கு விழுங்கக் குளிசை. குளிசையால் குஞ்சுகள் ஒரேயடியாகச் செத்தால் மூளை வீங்கக்கூடும், நினைவு தப்பும், உயிருக்கும் ஆபத்து என்று டொக்டர் முன்னரே சொல்லிவிட்டார். அதனால் ஒரு குளிசையின் சிறு துண்டில் தொடங்கி மெல்ல மெல்லக் கூட்டினார்கள். முதல் நாள் ஒன்றுமில்லை. பிறகு காய்ச்சல், உடம்பெல்லாம் சொறி. முன்கையில், தொடையில், வயிற்றில் தோலுக்கு அடியில் நூல் நூலாகத் தடித்து எழும்பியது. அவை சாகிற புழுக்கள். குளிக்கப் போனால் கண்ணாடியைத் துவாயால் மூடிவிட்டுத்தான் உடுப்பைக் கழற்றுவேன்.

அளவைக் கூட்டிய ஒரு நாளில் தலை பாரமாக இருந்தது. மத்தியானம் இவர் சாப்பாட்டோடு வந்தது நினைவிருக்கிறது. அதன் பிறகு நடந்ததை அவர் சொல்லித்தான் தெரியும். நான் அவரை அந்தப் பள்ளிக்கூட அதிபர் என்று நினைத்து, எசும்பேயில் பழகிய உடைந்த ஆங்கிலத்தில், மணியை அடிக்கச் சொல்லுங்கள், பிள்ளைகள் ஆற்றில் நிற்கிறார்கள் என்றேனாம். இவர் கையைப் பிடித்து, "நான் சிவம், இஞ்ச பாரும், நான் சிவம்" என்று சொல்லச் சொல்ல, "சேர், பிள்ளையள் ஆத்துக்கை நிக்குதுகள்" என்று தமிழிலும் சொன்னேனாம். எகனெம் ஓடிப் போய் டொக்டரைக் கூட்டி வந்தார். குளிசையை நிறுத்தி, வீக்கத்தைக் குறைக்கும் மருந்தை ஏற்றினார்கள். அடுத்த நாள் தெளிந்தேன். ஒரு முழுப் பிற்பகல் என் வாழ்க்கையில் இல்லை. வேறொருவர் என் வாயால் பேசிவிட்டுப் போயிருந்தார்.

இவருடைய தமையனின் மனைவி கமலாக்கா தோர்ண்டன் ஹீத்தில் இருந்த தன் தங்கையையும் கூட்டிக்கொண்டு பார்க்க வந்தார். இரண்டு பேரும் கதிரையைக் கட்டிலுக்குக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டார்கள்.

"கோவிக்காதை பிள்ளை, உது தொத்துமே?" என்று கமலாக்கா கேட்டார். "சின்னன் எங்கட வீட்டிலை சாப்பிட்டுப் படுக்குது. அதுதான் கேக்கிறன்."

"தொத்தாது அக்கா. அந்த ஈ இஞ்சை இல்லை. ஈ இல்லாட்டி ஒருத்தரிட்டை இருந்து மற்றாளுக்குப் போகாது."

"டொக்டர் சொன்னவரே?"

"ஓம், டொக்டர்தான் சொன்னவர்."

கமலாக்கா கதிரையை இழுத்துக்கொண்டு கிட்ட வந்து, கொண்டுவந்த இடியப்பத்தைத் தட்டில் போட்டு, தேங்காய்ப்பால் சொதியை ஊற்றி, தன் கையாலேயே குழைத்து ஊட்டினார். கண்ணில் கட்டோடு, உதடு வெடித்துக் கிடந்த எனக்கு அந்த ஒரு வாய் சொதி போலத் தொண்டைக்கு இதமாக வேறொன்றும் இருந்ததில்லை. தங்கைக்காரி மட்டும் கடைசி வரை கிட்ட வரவில்லை. அவவைக் குறை சொல்ல எனக்கு என்ன உரிமை? ஆரித்தைக் கண்டு பின்னால் பாய்ந்தவள் நான்.

என் வைத்தியம் ஒருவாறு முடிந்து, வீட்டுக்குப் போகலாம் என்ற நிலையில், டொக்டர் இவரையும் உமாவையும் நண்பகலில் அழைத்து வரச் சொன்னார். அங்கே இருந்தவர்கள் எல்லோரையும் பார்ப்பது வழக்கம் என்றார். நான் பயப்படவில்லை. பிள்ளைக்கு ஒரு நாளும் ஒரு வீக்கம் வந்ததில்லை. மூன்று வயதில் அந்த இடத்தை விட்டு வந்தவள். மூக்கொழுகும் தடிமனைத் தவிர ஒரு வருத்தம் கிடையாது.

இவருடைய இரத்தத்தில் ஒன்றுமே இல்லை. ஒரே வீடு, ஒரே பள்ளிக்கூடம், ஒரே ஈ. அவருக்கு இல்லை.

உமாவின் முடிவைச் சொல்ல டொக்டர் எங்களைத் தன் அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். "உங்களுடையதைவிட மிக அதிகம்" என்றார். "பல மடங்கு."

எனக்கு விளங்கவில்லை. "அவளுக்கு ஒன்றும் இல்லையே. வீக்கம் இல்லை, சொறி இல்லை."

"அதுதான் காரணம். அங்கே பிறந்த பிள்ளைகளுக்குச் சில வேளை இப்படித்தான். உடம்பு அதை எதிரியாக நினைப்பதில்லை. சண்டை பிடிப்பதில்லை. அதனால் அவை பெருகிவிடுகின்றன."

கதவின் கண்ணாடிக்கு வெளியே உமா எகனெம்மோடு ஏதோ பேசிச் சிரித்துக்கொண்டிருந்தாள். கையில் ஊசி குத்திய இடத்தில் பஞ்சு. கன்னம் சிவக்க, கொழுகொழுவென்று, பள்ளிக்கூடத்தில் ஓட்டத்தில் முதலாவதாக வருகிற பிள்ளை. நான் கண்ட வியாதிகளிலேயே என்னை அதிகம் பதற வைத்தது அந்த ஆரோக்கியம்தான்.

"உடனை குளிசையைக் குடுக்கச் சொல்லும்" என்றார் இவர், என்னைப் பார்த்துத் தமிழில். "இண்டைக்கே துவங்கட்டும். பிள்ளைக்குள்ள உதுகளை வைச்சுக்கொண்டு எப்பிடி வீட்டை போறது?"

"ஏலாது" என்றேன்.

"என்ன ஏலாது?"

"எனக்குக் கொஞ்சம் இருக்கேக்கையே நான் உங்களை அதிபர் எண்டு நினைச்சனான். பிள்ளைக்கு அத்தனை இருக்கு. எல்லாம் ஒரேயடியாச் செத்தால் அவளின்ரை மூளை என்னாகும்?"

"அப்ப விடச் சொல்லுறீரோ?"

"எனக்குத் தெரியேல்லை. ஆனா இண்டைக்கு வேண்டாம்."

அவர் மேசையில் அடித்தார். நான் அவரைவிடச் சத்தமாகக் கத்தினேன். மொழி தெரியாத டொக்டர் நாங்கள் ஓயும் வரைக்கும் பொறுமையாக இருந்தார். பிறகு, இருவரும் சரி என்பது போலத் தலையசைத்துவிட்டுச் சொன்னார்: அவசரம் இல்லை. புழுக்களுக்கும் வயதாகும். புதிதாகக் கடிக்க இங்கே ஈ இல்லை. குஞ்சுகளின் எண்ணிக்கை வருடா வருடம் குறையக்கூடும். ஆபத்து குறைந்த அளவுக்கு வந்ததும் மருந்து கொடுக்கலாம். அதுவரை அவள் ஓடலாம், விளையாடலாம், எல்லாப் பிள்ளைகளையும் போல இருக்கலாம்.

காத்திருப்பது என்று முடிவு செய்தோம். செய்தோம் என்று எழுதுவது சுலபம். பிள்ளை குளித்துவிட்டு வந்தால் தலை துவட்டுகிற சாட்டில் கண்ணைப் பார்ப்பேன். நித்திரையில் கையைத் தடவிப் பார்ப்பேன். அவள் ஒரு சொல்லை மறந்தால்கூட வேறு நாலு கேள்வி கேட்டுப் பார்ப்பேன். இவர் சில மாதங்கள் என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. பிறகு ஒரு நாள் அவராகவே அவளைப் பள்ளிக்கூடத்திலிருந்து இடையில் கூட்டிக்கொண்டு நண்பகல் இரத்தத்துக்குப் போய் வந்தார். எண்ணிக்கை குறைந்திருந்தது. வாசலில் நின்றுகொண்டே, "குறைஞ்சிட்டுது" என்றார். அன்றைக்குச் சமாதானம்.

உமாவுக்குப் பத்து வயதானபோது, தன் இரத்தத்தைத் தானே பார்க்க வேண்டும் என்று அடம்பிடித்தாள். ஆய்வுகூடத்தில் ஒரு கதிரையில் முழங்காலில் நிறுத்தி நுணுக்குக்காட்டியைக் காட்டினார்கள். அவள் மூச்சுவிடாமல் பார்த்தாள்.

"அம்மா, வந்து பாருங்கோ."

எனக்கு விருப்பமில்லை. ஆனாலும் குனிந்தேன். சிவப்பு அணுக்கள் நெருக்கமாகக் கிடந்தன. அவற்றுக்கிடையே கண்ணாடி போல ஒன்று துள்ளியது. அணுக்களை இடித்துத் தள்ளிக்கொண்டு, சுருண்டு, நீண்டு, திரும்பவும் சுருண்டு. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. நான் மேசையைப் பிடித்துக்கொண்டேன்.

"நான் ஸ்கூலிலை இருக்கேக்கையும் இதுகள் இப்பிடியே ஓடுறது?"

"ஓம் பிள்ளை."

"எனக்கு ஒண்டுமே தெரியேல்லையே" என்றாள். அவள் குரலில் பயத்தைவிட ஆச்சரியம்தான் இருந்தது. பயம் முழுவதும் என் பங்கு.

அவளுக்குப் பன்னிரண்டு வயதில் டொக்டர் இனித் தொடங்கலாம் என்றார். எனக்குத் தந்த அதே மருந்து, அதே வார்ட். என்னுடையதைவிடச் சிறிய துண்டில் தொடங்கினார்கள், வீக்கத்தைத் தடுக்கும் மருந்தை முன்கூட்டியே கொடுத்தார்கள். முதல் துண்டை அவள் வாயில் வைத்தபோது நான் அவளுடைய உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். நானே அவளுக்கு நஞ்சூட்டுவது போல இருந்தது.

நினைவு தெளிவாக இருக்கிறதா என்று நேர்ஸ்மார் அடிக்கடி வந்து கேட்பார்கள். மூன்று கேள்வி. உன் பெயர் என்ன? இது எந்த இடம்? நீ எங்கே பிறந்தாய்? உமா, லண்டன், எசும்பே. அவள் சொல்ல நேர்ஸ் சரி போடுவார். எகனெம் அப்போதும் அங்கே இருந்தார், தலை நரைக்கத் தொடங்கியிருந்தது.

அந்த ஊரின் பெயரை நான் எவ்வளவு வெறுத்திருக்கிறேன். என் கண்ணுக்குள் வந்தது அங்கிருந்து. என் பிள்ளையின் இரத்தத்துக்குள் குடிவந்தது அங்கிருந்து. பள்ளிக்கூடத்தில் பிறந்த இடம் கேட்டால் லாகோஸ் என்று சொல் என்று உமாவுக்குப் பழக்கி வைத்திருந்தவள் நான். இப்போது கட்டிலோரத்தில் அமர்ந்து, அவள் வாயிலிருந்து அந்தப் பெயர் வருகிறதா என்று காத்துக்கொண்டிருந்தேன்.

காய்ச்சல் ஏறிய நாளில் பிற்பகலில் அவள் கண்ணை மூடிக் கிடந்தாள். எகனெம் வந்து தோளைத் தட்டினார்.

"உன் பெயர் என்ன?"

"உமா."

"இது எந்த இடம்?"

"ஆஸ்பத்திரி. லண்டன்."

"நீ எங்கே பிறந்தாய்?"

பதில் இல்லை. எகனெம் திரும்பவும் கேட்டார். உமா முகத்தைச் சுளித்தாள், வாயைத் திறக்கவில்லை. கதிரையிலிருந்து எழுந்த இவர் அப்படியே நின்றுவிட்டார். அவள் கையைப் பிடித்தேன், நெருப்பாகச் சுட்டது. அவளுக்கு முன்னால், அவளுக்குப் பதிலாக, நானே அந்தப் பெயரைச் சொல்லிவிடுவேன் போலிருந்தது. சொல்லக்கூடாது, அவளாகச் சொல்ல வேண்டும். "சொல்லு பிள்ளை," என்றேன். "என்ரை ராசாத்தி, நீ எங்கை பிறந்தனீ? சொல்லு."

உமா ஒரு கண்ணை மட்டும் திறந்து என்னைப் பார்த்தாள். சரியான எரிச்சல்.

"எத்தினை தரம் அம்மா கேப்பியள்? எசும்பே. எசும்பே. எசும்பேயிலைதான் பிறந்தனான்."

எகனெம் சரி போட்டார். இவர் கதிரையில் அமர்ந்தார். நான் அந்தப் பெயரை, முதன்முறையாக அவளோடு சேர்ந்து, வாய்விட்டுச் சொன்னேன்.